வரி பாக்கியால் பறிபோன மனை: நகராட்சியே பாக்கியைக் கட்டிக் கைமாற்றுவது ஏன்?

கேள்வி இது. அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில் ஒரு நகர கவுன்சிலின் நிகழ்ச்சி நிரலில், வரி கட்டாததால் கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) கையகப்படுத்திய மனை ஒன்றின் பழைய பாக்கியை நகராட்சி கட்டப்போகிறது என்று இருக்கிறது. பிறகு அதே மனையை ஒரு டாலருக்கு, வீடு கட்டித்தரும் லாப நோக்கற்ற அமைப்புக்கு எழுதிக்கொடுக்கப்போகிறார்களாம். யாரோ கட்டாத வரியை ஊர்ப்பணத்தில் ஏன் கட்டவேண்டும்? அரசாங்கம் அரசாங்கத்துக்கே வரி கட்டுவதா? பேசாமல் தள்ளுபடி செய்துவிட்டால் என்ன?

நகராட்சி இங்கே கொடுப்பது மனையின் விலை. அந்த விலையை வரி பாக்கியை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்பதால், கவுன்சில் குறிப்பில் 'பாக்கி கட்டுதல்' என்று எழுதிவிடுகிறார்கள். பழைய உரிமையாளரின் கடனை யாரும் அவருக்காக அடைக்கவில்லை. அவர் மனையையே இழந்துவிட்டார். ஆனால் அந்தத் தொகையோடு கணக்கு முடிந்துவிட்டதா என்று கேட்டால், 2020க்குப் பிறகு பல நேரங்களில் இல்லை. கவுன்சில் குறிப்புகள் சறுக்குவதும் பெரும்பாலும் அங்கேதான்.

பணம் யாருக்குப் போகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். மிஷிகனில் சொத்து வரி ரசீது நகராட்சியின் பெயரில் வந்தாலும் உள்ளே பல பேரின் பங்கு இருக்கிறது. மாநிலக் கல்வி வரி 6 மில். சொந்தக் குடியிருப்பாக இல்லாத சொத்தானால் பள்ளி நடத்தும் செலவுக்கு 18 மில் வரை. அவற்றோடு கவுண்டி, நூலகம், சமுதாயக் கல்லூரி. ஒரு மில் என்றால், வரிவிதிப்பு மதிப்பில் ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர். கோடை ரசீது ஜூலையிலும் குளிர்கால ரசீது டிசம்பரிலும் வரும். பிப்ரவரி முடியும்வரை வசூலாகாததை மார்ச் 1 அன்று நகராட்சி கவுண்டியின் டிரஷரரிடம் (பொருளாளர்) ஒப்படைத்துவிடும்.

பெரும்பாலான கவுண்டிகள் கடன்பத்திரம் விற்றுத் திரட்டிய சுழல்நிதி ஒன்றிலிருந்து அந்தப் பாக்கி முழுவதையும் அப்போதே நகராட்சிக்கும் பள்ளிக்கும் நூலகத்துக்கும் கொடுத்துவிடுகின்றன. அதாவது உங்கள் நகராட்சி தன் பங்கை முன்பே வாங்கிச் செலவும் செய்திருக்கும். பாக்கி வசூலானால் சுழல்நிதி நிரம்பும். ஆகாவிட்டால் கவுண்டி 'சார்ஜ்பேக்' போடும். கொடுத்த பணத்தை அந்தந்த அமைப்பிடமிருந்து திரும்பப் பிடித்துக்கொள்வதற்கு அதுதான் பெயர். தள்ளுபடி ஏன் எளிதில்லை என்பதற்கு விடை இதுதான். நகராட்சி மனம் வைத்தாலும் பள்ளியின் பங்கையோ மாநிலத்தின் பங்கையோ தள்ளுபடி செய்ய அதற்கு அதிகாரம் இல்லை. தள்ளுபடி என்று நடந்தால், தன் பங்கையும் கவுண்டிக்குத் திருப்பித் தரவேண்டியிருக்கும்.

இனி தொகை எப்படி வளர்கிறது என்று பார்ப்போம். 1999ஆம் ஆண்டின் 123ஆம் சட்டம் வகுத்த கால அட்டவணை மூன்றாண்டு நீளம். 2022ஆம் ஆண்டு வரியைக் கட்டவில்லை என்று வையுங்கள். 2023 மார்ச் 1 அன்று அது பாக்கியாகிக் கவுண்டிக்குப் போகிறது. 4 சதவீத நிர்வாகக் கட்டணமும் மாதம் 1 சதவீத வட்டியும் சேர ஆரம்பிக்கும். 2024 மார்ச் 1 அன்று சொத்து 'ஃபோர்ஃபிச்சர்' நிலைக்குப் போகும். இதில் பலர் குழம்புகிறார்கள்: உரிமை இன்னும் கைமாறவில்லை. ஆனால் வட்டி மாதம் 1.5 சதவீதமாகிறது, அதுவும் 2023 மார்ச்சிலிருந்தே கணக்கிட்டு. கூடவே 175 டாலர் கட்டணமும் பதிவுச் செலவும். 2025 தொடக்கத்தில் நீதிமன்ற விசாரணை. 2025 மார்ச் 31க்குள் பாக்கியைக் கட்டி மீட்காவிட்டால் முழு உரிமையும் கவுண்டி டிரஷரருக்குப் போய்விடும், இதுதான் பறிமுதல்.

2,000 டாலர் வரிக்கு இதைப் போட்டுப் பாருங்கள். நிர்வாகக் கட்டணம் 80. வட்டி மாதம் 30 வீதம் 25 மாதத்துக்கு 750. ஃபோர்ஃபிச்சர் கட்டணம் 175. மொத்தம் 3,005 டாலர், பதிவுச் செலவு தனி. இது ஒரே ஓர் ஆண்டின் பாக்கி. 2022ஐக் கட்டாதவர் 2023, 2024ஐயும் கட்டியிருக்க வாய்ப்பு குறைவு, ஆக அவையும் தத்தம் வட்டியோடு சேரும். இவற்றின் கூட்டுத்தொகையும் கவுண்டியின் விற்பனைச் செலவும் சேர்ந்ததுதான் 'மினிமம் பிட்', அதாவது குறைந்தபட்ச ஏலத்தொகை. கவுன்சில் குறிப்பில் நீங்கள் பார்த்த எண் பெரும்பாலும் இதுதான். வரி எவ்வளவு, வட்டியும் கட்டணமும் எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பழைய பாக்கியில் மூன்றில் ஒரு பங்கு வட்டியும் கட்டணமுமாகவே இருக்கும், அது கவுண்டியின் வருமானம்.

ஏலத்துக்கு முன்பு அரசு அமைப்புகளுக்கு முதல் வாங்குரிமை உண்டு. முதலில் மாநிலம், அது வேண்டாமென்றால் மனை இருக்கும் நகரம், அதற்கும் பிறகு கவுண்டி. நகராட்சி மினிமம் பிட்டைக் கட்டி மனையை வாங்கி, வேண்டியவருக்கு எழுதிக்கொடுக்கும் வழக்கம் இந்த உரிமையில்தான் பிறந்தது. நல்ல பயன்களும் இருந்தன. டெட்ராய்ட்டில் 2017 முதல், வீட்டுக்காரர் வரி கட்டாததால் தெருவுக்கு வரவிருந்த வாடகைதாரர்களுக்காக நகராட்சி இப்படி வீடுகளை வாங்கி, ஒரு தொண்டு அமைப்பின் மூலம் அவர்களுக்கே சிறு தொகைக்கு விற்றது.

அதே வழியின் இன்னொரு முகம் டெட்ராய்ட்டை ஒட்டிய சவுத்ஃபீல்ட் நகரத்தில் தெரிந்தது. ஹால் எதிர் மைஸ்னர் வழக்கில் 2022 அக்டோபரில் கூட்டாட்சி ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பில் எழுதிய விவரப்படி, ஓக்லண்ட் கவுண்டி 22,642 டாலர் வரி பாக்கிக்காக ஒரு வீட்டை எடுத்தது. நகராட்சி அதே தொகையைக் கட்டி வாங்கியது. பிறகு 1 டாலருக்கு ஒரு மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு மாற்றியது. அந்த நிறுவனம் பின்னர் 308,000 டாலருக்கு விற்றது. குடியிருந்த குடும்பத்துக்கு ஒரு காசு இல்லை. அவர்களுடைய சொத்தின் உபரி மதிப்பை ஈடு தராமல் எடுத்தது அரசியலமைப்புக்கு விரோதம் என்றது நீதிமன்றம். வரி பாக்கி பைசா சுத்தமாகக் கட்டப்பட்டிருந்தது என்பதைக் கவனியுங்கள். சிக்கல் பாக்கிக்கு மேலே இருந்த மதிப்பில்.

அதற்கு முன்பே, 2020 ஜூலையில், ரஃபேலி வழக்கில் மிஷிகன் உச்ச நீதிமன்றம் பாதையை மாற்றியிருந்தது. அங்கே குறைவாகக் கட்டிய வரி 8.41 டாலர். வட்டி, கட்டணம் சேர்ந்து 285.81. சொத்து 24,500க்கு ஏலம் போனது, மீதி முழுவதையும் கவுண்டி வைத்துக்கொண்டது. உபரி உரிமையாளருடையது என்று தீர்ப்பு வந்ததும், 2020ஆம் ஆண்டின் 256ஆம் சட்டம் நடைமுறையைத் திருத்தியது. 2023 மே மாதம் டைலர் எதிர் ஹென்னெபின் கவுண்டி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இதையே ஒருமனதாகச் சொல்லிவிட்டதால், இது இப்போது எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும் கொள்கை.

நடைமுறையில் இதன் பொருள்: பழைய உரிமையாளரோ அடமானத்தின் பேரில் கடன் கொடுத்தவரோ 5743 எண் படிவத்தை நோட்டரி கையெழுத்தோடு, பறிமுதல் ஆண்டின் ஜூலை 1க்குள் டிரஷரரிடம் சேர்த்துவிட்டால், நகராட்சி மினிமம் பிட், சந்தை மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதைக் கொடுத்தாகவேண்டும். மினிமம் பிட் 12,000, சந்தை மதிப்பு 60,000 என்றால் நகராட்சி கட்டவேண்டியது 60,000. அதில் 12,000 பாக்கிக்கு, 5 சதவீத விற்பனைக் கமிஷன் 3,000 கவுண்டிக்கு, மீதி 45,000 உரிமை கோரியவர்களுக்கு. அவர்களும் அடுத்த ஆண்டு பிப்ரவரி 1 முதல் மே 15க்குள் நீதிமன்றத்தில் மனு போட்டால்தான் பணம் கைக்கு வரும். இத்தனை குறுகிய கெடுக்கள் வைத்தது நியாயமா என்பது வேறு விவாதம். படிவம் போடத் தெரியாதவர்கள்தான் பெரும்பாலும் வீட்டை இழப்பவர்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

எனவே ஏப்ரல், மே மாதங்களில் 'பாக்கி இவ்வளவுதான்' என்று ஒப்புதல் வாங்கிவிட்டு, ஜூலையில் படிவம் வந்து சேர்ந்ததும் விலை ஐந்து மடங்கானால், கவுன்சில் மறுபடி கூடவேண்டும். ஒப்புதல் தீர்மானத்திலேயே உச்சவரம்பு ஒன்றையும், அதைத் தாண்டினால் வாங்குவதில்லை என்ற வரியையும் சேர்ப்பது புத்திசாலித்தனம்.

சரி, பணம் கட்டியாயிற்று. மனை சுத்தமாகிவிட்டதா? பெரும்பாலான வில்லங்கங்களை நீதிமன்றத் தீர்ப்பே அழித்துவிடும்: அடமானம், தனியார் கடன்மீட்புப் பதிவுகள் எல்லாம். அழியாதவையும் உண்டு. இனி வரவேண்டிய சிறப்பு மதிப்பீட்டுத் தவணைகள் (சாலை, சாக்கடைக் குழாய் போட்டதற்கான பங்கு), கண்ணுக்குத் தெரியும் அல்லது பதிவான வழியுரிமைகள், மனைப்பிரிவின் கட்டுப்பாடுகள், சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் மாநிலம் பதிந்த பற்றுரிமை (கடனுக்காகச் சொத்தின்மேல் உள்ள பிடி) ஆகியவை மனையோடு கூடவே வரும்.

அதிகம் கவனிக்காமல் விடப்படுவது நடப்பாண்டு வரி. மிஷிகனில் ஓர் ஆண்டின் வரிநிலையை முந்தைய டிசம்பர் 31 தீர்மானிக்கிறது. 2025 மார்ச்சில் பறிமுதலான மனை, 2024 டிசம்பர் 31 அன்று தனியார் கையில் இருந்தது. ஆகவே 2025 கோடை ரசீது வழக்கம்போல அச்சாகும். ஏலத்தில் விலைபோகாமல் ஆண்டு இறுதியில் நகராட்சிக்குத் தானாக வந்து சேரும் மனைக்கு, அந்த டிசம்பர் 31 வரையிலான வரியைச் சட்டமே ரத்து செய்கிறது. முதல் வாங்குரிமையில் விலைகொடுத்து வாங்கிய மனைக்கும் அதே சலுகை உண்டு என்று எண்ணி விட்டுவிடக்கூடாது. ரசீது பழைய உரிமையாளரின் முகவரிக்குப் போகும், யாரும் பார்க்கமாட்டார்கள், அடுத்த மார்ச் 1 அன்று புதுப் பாக்கி பிறந்துவிடும். இடையில் அக்டோபரிலேயே தொண்டு அமைப்புக்கு எழுதிக்கொடுத்திருந்தால், தலைவலி அவர்களுடையது. லாப நோக்கற்ற அமைப்பு என்பதாலேயே வரிவிலக்கு தானாக வந்துவிடாது, நகராட்சியின் சொத்து வரி மதிப்பீட்டாளரிடம் விண்ணப்பித்து வாங்கவேண்டும்.

இந்தத் தவறிய ரசீது கண்ணில் படுவது பெரும்பாலும் வெகு தாமதமாக. டிரஷரர் நகராட்சிக்குத் தருவதும், நகராட்சி அடுத்தவருக்குத் தருவதும் 'குவிட்கிளெயிம்' பத்திரங்கள். 'என்னிடம் என்ன உரிமை இருக்கிறதோ அதைத் தருகிறேன்' என்பதற்கு மேல் அதில் உத்தரவாதம் கிடையாது. அதைப் பதிவு செய்யும்போது கவுண்டியின் வரிச் சான்று கேட்பதில்லை. வீட்டைக் கட்டி முடித்து ஒரு குடும்பத்துக்கு உத்தரவாதப் பத்திரம் எழுதும்போதுதான், கடந்த ஐந்து ஆண்டுகளுக்கு வரி பாக்கி இல்லை என்று டிரஷரர் சான்று தரவேண்டும். அங்கே போய் நிற்கும்போது வட்டியோடு பழைய ரசீது எழுந்து வரும்.

பத்திரத்தில் இன்னொரு நுணுக்கம். டிரஷரரின் பத்திரத்தில் உள்ள சொத்து விவரத்தையும் பழைய பத்திரத்தில் உள்ளதையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடவேண்டும். பழைய நகரங்களில் மனைக்குப் பின்னால் இருந்த சந்துப் பாதையைக் கைவிட்டு, பாதிப் பாதியாக இருபுறத்து மனைகளோடு சேர்த்திருப்பார்கள். 'மனை எண் 14, கைவிடப்பட்ட சந்தின் வடபாதியும்' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'மனை எண் 14' என்று மட்டும் இருந்தால், கேரேஜ் நிற்கும் சில அடி நிலம் யார் பெயரிலும் ஒழுங்காக வராது. பதிவு வரிசையும் முக்கியம்: டிரஷரர் பத்திரம் முதலில் பதிவாகி எண் வரவேண்டும், அதன் பிறகே நகராட்சியின் பத்திரம். கைமாற்றிய 45 நாளுக்குள் சொத்து மாற்ற வாக்குமூலத்தை மதிப்பீட்டாளரிடம் கொடுக்கவேண்டும். வரி ரசீது சரியான முகவரிக்குப் போவதற்கான வழியும் அதுதான்.

சொத்துரிமையில் பின்னால் சிக்கல் வந்தால் ஈடு தரும் டைட்டில் இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் வரிப் பறிமுதல் மனை என்றாலே தயங்கும். பழைய உரிமையாளருக்கு முறையாக அறிவிப்பு போகவில்லை என்று யாராவது பின்னால் வழக்குப் போடலாம் என்பது அவர்கள் பயம். 'குவயட் டைட்டில்' தீர்ப்பு, அதாவது உரிமை இவருடையதுதான் என்று நீதிமன்றம் உறுதிசெய்யும் தீர்ப்பு, வாங்கி வா என்பார்கள். 2003ஆம் ஆண்டின் 258ஆம் சட்டப்படி அமைந்த லேண்ட் பேங்குகளுக்கு (கைவிடப்பட்ட மனைகளை எடுத்து மறுபடி பயனுக்குக் கொண்டுவரும் பொது அமைப்புகள்) இதைப் பல மனைகளுக்குச் சேர்த்து விரைவாக நடத்தும் தனி வழி உண்டு. அதனால் நகராட்சி நேரே தொண்டு அமைப்புக்குக் கொடுக்காமல், லேண்ட் பேங்க் வழியாகச் சுற்றிக் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஃப்ளின்ட் நகரம் இருக்கும் ஜெனசி கவுண்டியின் லேண்ட் பேங்க் இதில் முன்னோடி. லேண்ட் பேங்க் கையில் இருக்கும்வரை வரி கிடையாது. அது விற்ற பிறகு ஐந்தாண்டுக்கு வாங்கியவர் கட்டும் தனிவகை வரியில் பாதி லேண்ட் பேங்குக்கே திரும்பும். பள்ளிக்கும் நூலகத்துக்கும் அந்த ஐந்தாண்டு வருமானம் குறையும் என்பது இதன் மறுபக்கம், அதைக் கவுன்சில் குறிப்புகள் அநேகமாகச் சொல்வதில்லை.

பழைய பெட்ரோல் பங்க், துணி வெளுக்கும் கடை இருந்த மனையானால் வரியைவிட மண்தான் செலவு வைக்கும். வாங்குபவர் மாசுக்குப் பொறுப்பேற்காமல் தப்ப, கைக்கு வந்த 45 நாளுக்குள் அடிப்படைச் சுற்றுச்சூழல் மதிப்பீட்டை முடித்து, ஆறு மாதத்துக்குள் மாநிலச் சுற்றுச்சூழல் துறையிடம் கொடுக்கவேண்டும். கைமாறும் ஒவ்வொருவரும் தனக்கென்று தனியாகச் செய்யவேண்டிய வேலை இது. கூட்டாட்சி நிதியில் வாங்குவதாக இருந்தால், சுற்றுச்சூழல் மறுஆய்வு முடியுமுன் பணத்தை ஒதுக்கி ஒப்பந்தம் போட்டாலே நிதி கைவிட்டுப் போகலாம்.

இதுவரை சொன்னது வரிக்காகக் கவுண்டி எடுத்த மனைக்கு. வங்கி அடமானத்துக்காக எடுத்து நகராட்சிக்குத் தானமாகக் கொடுத்த மனை, அல்லது நகராட்சி தான் கொடுத்த வீட்டுக் கடனுக்காகத் தானே ஏலத்தில் எடுத்த மனை என்றால் கதை வேறு. அங்கே வரி பாக்கி உயிரோடு இருக்கிறது, எல்லா அடமானத்துக்கும் முந்திய பற்றுரிமை அதற்கு. நகராட்சி பெயருக்கு வந்துவிட்டதாலேயே முன்பு விழுந்த பாக்கி மறையாது. மார்ச் 31க்கு முன் கட்டி மீட்காவிட்டால் நகராட்சியே அந்த மனையை இழக்கும். இங்கே 'பாக்கி கட்டுதல்' என்பது சொல்லுக்குச் சொல் உண்மை. மாநிலம் மாறினால் விதியும் மாறும். டெக்சாஸில் ஏலத்தில் விலைபோகாத மனையை ஓர் அமைப்பு எல்லா வரி அமைப்புகளின் சார்பாகவும் வைத்திருக்கும். தீர்ப்புத் தொகை, தீர்ப்பில் சொன்ன சந்தை மதிப்பு இரண்டில் குறைவானதற்கும் கீழே விற்க, பங்குள்ள அத்தனை அமைப்பும் சம்மதிக்கவேண்டும். அங்கே பள்ளி மாவட்டத்தின் (பள்ளிகளை நடத்தும் தனி வரி அமைப்பு) ஒரு கையெழுத்து காசோலையின் வேலையைச் செய்துவிடும்.

கூட்டத்துக்குப் போகிறீர்கள் என்றால் இணைப்புக் காகிதங்களில் இவற்றைத் தேடுங்கள்: டிரஷரர் கொடுத்த தொகைப் பிரிவு, 5743 படிவம் வந்திருக்கிறதா என்ற டிரஷரரின் பதில், நடப்பாண்டுக் கோடை, குளிர்கால வரியை யார் கட்டுவது என்ற வரி, வாங்கும் அமைப்புடனான ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் இத்தனை மாதத்துக்குள் கட்டத் தொடங்காவிட்டால் மனை நகராட்சிக்கே திரும்பும் என்ற நிபந்தனை இருக்கவேண்டும். ஆனால் அது கட்டுமானக் கடன் தரும் வங்கியின் உரிமைக்குப் பின்னிற்குமாறு எழுதப்பட்டிருக்கவேண்டும், இல்லாவிட்டால் எந்த வங்கியும் கடன் தராது, மனை புல் முளைத்தே கிடக்கும். அந்த அமைப்பு மனையை மூன்றாமவருக்கு விற்றால் லாபம் யாருக்கு என்பதையும் எழுதியிருக்கிறார்களா பாருங்கள். இல்லையென்றால், பொதுமக்கள் பேசும் நேரத்தில் கேட்கவேண்டிய முதல் கேள்வி அது.